ஸ்பைனல் ஊசியால் கால் செயலிழக்குமா? எண்கள் சொல்வதும், நான்கு மணி நேரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியதும்

நீங்கள் புனேயில், ஹிஞ்சவடியிலோ கராடியிலோ வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பிரசவ தேதி நெருங்கிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு டாக்டர் வந்து, "சிசேரியன் பண்ணிடலாம், இனி காத்திருக்க வேண்டாம்" என்கிறார். நர்ஸ் இந்தியில் பேசிக்கொண்டே ஆங்கிலமும் மராத்தியும் கலந்த ஒரு படிவத்தை நீட்டுகிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு டிக். நடுவில் ஒரு வரி கண்ணில் படுகிறது: முதுகில் போடும் மயக்க ஊசியால் நரம்புப் பாதிப்பு, கால் செயலிழப்பு, மரணம்கூட நேரலாம்.

அதே நேரத்தில் ஊரிலிருந்து அம்மா போனில். "முதுகுல ஊசி போட வேண்டாம்னு சொல்லிடு கண்ணு. நம்ம தெருவுல ஒரு பொண்ணுக்குப் போட்டு, இன்னி வரைக்கும் இடுப்பு வலி போகலை."

படிவம் சொல்வது உண்மையா? அம்மா சொல்வது உண்மையா? இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் உங்களுக்கு உண்மையில் உதவக்கூடிய தகவல் அந்த இரண்டிலும் இல்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில், இது யாருக்கான விஷயம்?

கிட்டத்தட்ட எல்லோருக்கும். 2019–21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நடந்த பிரசவங்களில் 21.5 சதவீதம் சிசேரியன். மகாராஷ்டிராவில் 25.4 சதவீதம். தமிழ்நாட்டில் 44.9 சதவீதம். சிசேரியனில் பெரும்பாலானவை ஸ்பைனல் ஊசி போட்டுத்தான் நடக்கின்றன. ஹெர்னியா, மூலம், கால் எலும்பு முறிவு, மூட்டு மாற்று என்று இடுப்புக்குக் கீழே நடக்கும் பல ஆபரேஷன்களுக்கும் இதே ஊசிதான். உங்களுக்கு இல்லையென்றால் அப்பாவின் முழங்காலுக்கு வரும்.

ஊசி எங்கே போகிறது?

தண்டுவடம் முதுகின் அடிவரை போவதில்லை. பெரியவர்களில் பலருக்கு அது இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அருகே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் கொத்தாகத் திரவத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பார்க்க குதிரையின் வால் மாதிரி இருப்பதால் மருத்துவத்தில் அதன் பெயரே குதிரைவால்தான். மயக்க மருந்து நிபுணர் அந்தப் பகுதியில், வழக்கமாக மூன்றாவது, நான்காவது முள்ளெலும்புகளுக்கு நடுவே, மெல்லிய ஊசியைச் செலுத்தி, திரவம் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, சுமார் இரண்டு மில்லி மருந்தைப் போடுவார். பெரும்பாலும் புபிவகைன். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். சில மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும்.

எபிடூரல் என்பது வேறு. அதில் ஊசி அந்தத் திரவம் வரை போகாது. உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, அதன் வழியே மருந்தை விட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டுக்கும் ஆபத்துகள் ஏறக்குறைய ஒரே வகைதான், அளவுதான் மாறும்.

எவ்வளவு அரிது?

'அரிது' என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் முடிவெடுக்க முடியாது. எத்தனை பேருக்குப் போட்டால் எத்தனை பேருக்கு வரும் என்று தெரிய வேண்டும். இதை எண்ணிப் பார்த்த பெரிய முயற்சி பிரிட்டனில் நடந்தது. அங்கே மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரி ஒரு வருடத்தில் நாட்டின் அரசு மருத்துவமனைகளில் போடப்பட்ட ஸ்பைனல், எபிடூரல் ஊசிகளைக் கணக்கிட்டு, அதன் பிறகு பெரிய பாதிப்பு வந்தவர்களைத் தேடியது. 2009ல் முடிவு வெளியானது. மொத்தம் சுமார் 7 லட்சம் ஊசிகள். நிரந்தரப் பாதிப்பு, சந்தேகக் கேஸ்களையும் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கு 4.2. ஊசிதான் காரணம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை மட்டும் என்றால் ஒரு லட்சத்துக்கு 2.

பிரசவத்துக்காகப் போட்டவை மட்டும் தனியாக: சுமார் 3.2 லட்சம். அதில் நிரந்தரப் பாதிப்பு ஒரு லட்சத்துக்கு 0.3 முதல் 1.2 வரை. அதாவது மோசமான கணக்கிலும் 80,000 பேரில் ஒருவர்.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் குழந்தை பெற்ற சுமார் 6,000 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2003ல் வந்தது. 56 பேருக்குக் காலில் புதிதாக நரம்புப் பாதிப்பு இருந்தது. கிட்டத்தட்ட நூறில் ஒருவர். ஊசியோடு சேர்த்துப் பார்த்தபோது தொடர்பு கிடைக்கவில்லை. முதல் பிரசவம், நீண்ட நேரம் முக்க வேண்டியிருந்தது போன்றவைதான் காரணமாகத் தெரிந்தன. குழந்தையின் தலை இடுப்பில் நரம்பை அழுத்துவது, கால்களை நீண்ட நேரம் மடக்கி வைத்திருப்பது, இதெல்லாம் நரம்பைப் பாதிக்கும். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் சரியாகிவிடும். பிரசவத்துக்குப் பிறகு கால் மரத்திருந்தால் உடனே ஊசி மேல் பழி போடுவது தவறாகப் போவது இதனால்தான்.

அம்மா சொன்ன முதுகுவலி? எபிடூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. கர்ப்பத்திலேயே பாதிப் பெண்களுக்கு முதுகுவலி வருகிறது. குழந்தையைத் தூக்குவதும் குனிந்து பால் கொடுப்பதும் அதைத் தொடர வைக்கும். ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருப்பது மட்டும் உண்மை.

ஒரு எச்சரிக்கை. இவை பிரிட்டன், அமெரிக்க எண்கள். நம்மூர் நர்சிங் ஹோமுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஊசியின் தரம், கிருமிநீக்கம், ஆபரேஷனுக்குப் பிறகு யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து இவை மாறும்.

தலைவலியும் நரம்புப் பாதிப்பும் ஒன்றல்ல

ஸ்பைனலுக்குப் பிறகு அதிகம் கேள்விப்படுவது தலைவலி. இதன் கதை ஊசியின் வயதுக்குச் சமம். 1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் முதல்முறையாக இப்படி மருந்து செலுத்தி ஆபரேஷன் செய்தார். பிறகு அவரும் உதவியாளரும் ஒருவர் மேல் ஒருவர் சோதித்துப் பார்த்தார்கள். பியர் பல நாட்கள் தலைவலியோடு படுத்துக் கிடந்தார்.

ஊசி போட்ட துளை வழியாகத் திரவம் கசிவதால் வருவது இது. உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் குறையும். இன்றைய மெல்லிய, பென்சில் முனை ஊசிகளால் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓய்வும் மாத்திரையும் போதவில்லையென்றால், நோயாளியின் சொந்த ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் செலுத்தித் துளையை அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் தலைவலி படுத்தாலும் குறையாமல் மாறினால், பொருட்கள் இரண்டாகத் தெரிந்தால், வலிப்பு வந்தால், அது சாதாரணத் தலைவலி இல்லை. மிக அரிதாக மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்படியானால் நிரந்தரப் பாதிப்பு எப்படி வருகிறது?

நான்கு வழிகள் முக்கியம்.

ஒன்று, ரத்தக்கட்டு. முதுகெலும்புக் குழாய்க்குள் ரத்தம் தேங்கி நரம்புகளை அழுத்துவது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், பிளேட்லெட் குறைந்தவர்கள், வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம். 1990களின் பத்து ஆண்டுகளை ஆராய்ந்த ஸ்வீடன் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிரசவத்துக்கு எபிடூரல் போட்டவர்களில் 2 லட்சத்தில் ஒருவருக்கு ரத்தக்கட்டு. முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு எபிடூரல் போட்ட பெண்களில் 3,600ல் ஒருவருக்கு. பிரசவ வார்டில் மிக அரிதாக இருக்கும் ஆபத்து, அம்மாவின் முழங்கால் ஆபரேஷனில் அவ்வளவு அரிதாக இருப்பதில்லை.

இரண்டு, ஊசியே நரம்பைத் தொடுவது. இடுப்பெலும்பின் உச்சியைத் தடவிப் பார்த்துத்தான் இடத்தைக் கணிக்கிறார்கள். நினைத்ததைவிட ஓர் எலும்பு மேலே போய்விடுவது நடப்பதுதான். தண்டுவடம் சற்றுக் கீழே முடிகிற ஒருவருக்கு அப்படி நடந்தால் பிரச்சினை. ஊசி போகும்போதோ மருந்து ஏறும்போதோ காலில் ஷாக் அடித்த மாதிரி வலித்தால் பல்லைக் கடித்துக்கொள்ளாதீர்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். "எந்தக் கால்" என்பதையும் சேர்த்து. அங்கேயே நிறுத்திச் சரிசெய்ய முடியும்.

மூன்று, கிருமி. இதற்கு நமக்கு அருகிலேயே ஒரு பாடம் உண்டு. 2005 ஜூன், ஜூலையில் கொழும்பில் சிசேரியனுக்கு ஸ்பைனல் போட்ட ஐந்து பெண்களுக்கு அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல் வந்தது. வழக்கமான பாக்டீரியா பரிசோதனையில் எதுவும் கிடைக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, காரணம் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. மூன்று பேர் இறந்தார்கள். விசாரணை கிடங்கில் இருந்த சிரிஞ்சுகளில் போய் நின்றது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பொருட்கள் வந்து குவிந்ததில், ஈரமும் வெப்பமும் சூழ்ந்த இடத்தில் வைக்கப்பட்ட சிரிஞ்சுகள் அவை. 2007ல் மருத்துவ இதழில் இதைப் பதிவு செய்த மருத்துவர்கள், இது சுனாமியின் பின்விளைவா என்று தலைப்பிலேயே கேட்டார்கள். 2022ல் மெக்சிகோவின் துராங்கோவிலும் இதே போல ஸ்பைனலுக்குப் பிறகு பூஞ்சை மூளைக்காய்ச்சல் பரவியது. பெரும்பாலும் குழந்தை பெற்ற பெண்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நான்கு, தவறான மருந்து. ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் ஆசிட், பிரசவ அறையில் கட்டாயம் இருக்கும் நல்ல மருந்து. ஆனால் அதன் சிறு கண்ணாடிக் குப்பி சில இடங்களில் புபிவகைன் குப்பியைப் போலவே இருக்கும். தவறுதலாக முதுகில் போட்டுவிட்டால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரும். அப்படி நேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறக்கிறார்கள் என்று 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்து, இரண்டையும் தனித்தனி இடத்தில் வைக்கச் சொன்னது.

நான்கையும் சேர்த்துப் பாருங்கள். நான்கும் 'ஊசி ஆபத்து' என்ற ஒரே பெயரில் படிவத்தில் இருக்கின்றன. ஆனால் பெரும்பகுதி, ஊசிக்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலையைப் பொறுத்தது. மாத்திரையைச் சரியான நேரத்தில் நிறுத்தினார்களா, சிரிஞ்ச் எங்கே இருந்தது, குப்பியை வாசித்தார்களா, பிறகு யார் கவனித்தார்கள்.

நான்கு மணி நேரச் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், இதுதான்.

முதுகில் ரத்தக்கட்டு வந்தால், கால் செயலிழக்கத் தொடங்கிய 8 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து அதை அகற்றியவர்கள் நன்றாகத் தேறியதாக 1994ல் 61 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வு காட்டியது. நேரம் கடக்கக் கடக்க வாய்ப்பு குறைகிறது. சிக்கல் என்னவென்றால், ஸ்பைனல் போட்டவருக்குக் கால் மரத்திருப்பது இயல்பு. மருந்தால் மரத்திருக்கிறதா, ரத்தக்கட்டால் மரத்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

2020ல் பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் பிரசவ வார்டுகளுக்கு ஒரு எளிய விதி வகுத்தது. கடைசியாக மருந்து போட்டு நான்கு மணி நேரம் கழித்து, மல்லாந்து படுத்தபடி, முழங்காலை மடக்காமல், குதிகாலைப் படுக்கையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். ஒரு கால், பிறகு இன்னொரு கால். தூக்க முடியவில்லை என்றால் மயக்க மருந்து நிபுணர் வந்து பார்த்தாக வேண்டும்.

தூக்க முடியவில்லை என்றால் ரத்தக்கட்டு என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் மருந்து இன்னும் இறங்காமல் இருக்கலாம். ஆனால் "காலையில பாத்துக்கலாம், மருந்து இன்னும் இறங்கலை" என்று விட்டுவிடுவதற்கான நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இவற்றையும் சேர்த்துக் கவனியுங்கள்:

திரும்பி வந்த உணர்வு மறுபடி போவது. ஒரு கால் மட்டும் திரும்பாதது. தாங்க முடியாத, கூடிக்கொண்டே போகும் முதுகுவலி. உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது. சிறுநீர், மலம் அடக்க முடியாதது அல்லது போகாதது. சிசேரியனுக்குப் பிறகு யூரின் டியூப் இருப்பதால் சிறுநீர்ப் பிரச்சினை மறைந்திருக்கும். டியூப் எடுத்த பிறகு சரியாகப் போகிறதா என்று கேளுங்கள்.

அடுத்த சில வாரங்களுக்கு இன்னொரு கண். காய்ச்சலோடு தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் கூசுவது, குழப்பம். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். புது மருத்துவரிடம் போனால் "முதுகில் ஊசி போட்டாங்க, இந்தத் தேதியில்" என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஏன் நீங்கள் பார்க்க வேண்டும்?

நம்மூரின் பல சிறிய நர்சிங் ஹோம்களில் மயக்க மருந்து நிபுணர் முழுநேர ஊழியர் இல்லை. ஆபரேஷனுக்கு வருவார், நோயாளியை வார்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த மருத்துவமனைக்குக் கிளம்புவார். நான்கு மணி நேரம் கழித்து, அதிகாலை மூன்று மணிக்கு, அறையில் இருப்பது ஒரு நர்சும் நாற்காலியில் தூங்கி வழியும் நீங்களும்தான். யார் மீதும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் முதலில் பார்க்கக்கூடிய ஆள் நீங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டமும் இங்கே ஓர் இடைவெளி விட்டிருக்கிறது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, கணிசமான ஆபத்துகள் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றது. ஆனால் மிக அரிதான ஆபத்துகளை விளக்கி நோயாளியைப் பயமுறுத்த வேண்டியதில்லை என்றும் சொன்னது. நாம் பேசுவது அந்த மிக அரிதான வகை. டாக்டராகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

என்ன கேட்பது?

இரவு பதினொரு மணிக்கு இல்லை. எட்டாவது மாதச் செக்கப்பில், அல்லது ஆபரேஷன் தேதி குறிக்கும் நாளில்.

ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, ஊசி எதுவானாலும், கடைசியாக எப்போது எடுத்தோம் என்று எழுதிக் கொடுங்கள். க்ளோபிடோக்ரெல், ஈனோக்சாபரின் போன்றவற்றுக்கு நிறுத்தும் கால அளவு வேறு வேறு. நீங்களாக நிறுத்த வேண்டாம். முதுகில் முன்பு ஆபரேஷன் நடந்திருந்தால், காலில் ஏற்கெனவே மரத்துப்போதல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

"ஆபரேஷன் முடிஞ்சு நாலு மணி நேரத்துல காலைத் தூக்கச் சொல்லிப் பாப்பீங்களா? அது கேஸ் ஷீட்ல எழுதுவாங்களா?"

"ராத்திரி ஏதாவது ஆனா மயக்க டாக்டரை யார் கூப்பிடுவாங்க?"

"அவசரமா எம்ஆர்ஐ தேவைப்பட்டா இங்கேயே இருக்கா, வேற எங்கே அனுப்புவீங்க?"

மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லையென்றால், அதுவே ஒரு தகவல். புனே மாதிரி நகரத்தில் இரவில் எம்ஆர்ஐ எடுக்கும் இடமும், முதுகெலும்பு ஆபரேஷன் செய்யும் மருத்துவமனையும் இருக்கின்றன. எது, எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

மகாராஷ்டிராவில் 2021ல் திருத்தப்பட்ட நர்சிங் ஹோம் பதிவு விதிகளின்படி, நோயாளியின் உரிமைகள் பட்டியலை மருத்துவமனைகள் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். உங்கள் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது நாடு முழுக்கப் பொருந்தும் மருத்துவ நெறிமுறை விதி. டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன மயக்க மருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை முறை குத்தினார்கள் என்பது இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்போ, கையெழுத்துப் போடலாமா?

ஸ்பைனல் வேண்டாம் என்று சொன்னால் மிச்சம் இருப்பது முழு மயக்கம். கர்ப்பிணிகளுக்கு அதில் மூச்சுக் குழாய் பொருத்துவது சிக்கலாகலாம், இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போகலாம். சில நேரம் அதுதான் சரியான வழி, ஆனால் அது ஆபத்தே இல்லாத வழி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஸ்பைனல்தான் பாதுகாப்பான தேர்வு என்பதைத்தான் மேலே பார்த்த எண்கள் சொல்கின்றன. பிரிட்டன் கணக்கில், முதலில் கடுமையான பாதிப்பு என்று பதிவானவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முழுதாகத் தேறிவிட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆக, கையெழுத்துப் போடுங்கள். அம்மாவிடம், "எண்பதாயிரத்துல ஒருத்தர்மா, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். ஊசி போட்ட நேரத்தைப் போனில் குறித்து, நான்கு மணி நேரத்துக்கு அலாரம் வையுங்கள். அலாரம் அடிக்கும்போது குழந்தை அழுதுகொண்டிருக்கலாம், எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கலாம். பரவாயில்லை. ஒரு நிமிடம்தான். "அந்தக் குதிகாலைக் கொஞ்சம் தூக்கு பாக்கலாம்" என்று கேளுங்கள். தூக்கிவிட்டால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். தூக்கவில்லையென்றால் நர்சை எழுப்புங்கள். அவர் தயங்கினால், மயக்க டாக்டருக்குப் போன் போகும் வரை அங்கிருந்து நகராதீர்கள்.